குடி

மழைநாளில் பாலத்தடிக் குழியில் கார் இறங்கினால்
என் வலக்கால்தான் முதலில் அறியும்.
பாய்க்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி குளிர் எழும்பிக்
குதியைப் பிடிக்கும்.
கச்சேரிக்கு நான் எப்போதும்
ஒரு செருப்பு நனைந்தவளாகவே போனேன்.

நிசான் சனி. வாங்கும்போதே சொன்னார்கள்,
பெயரை உரக்கச் சொல்லாதே என்று.
கல்லடியில், கடலுக்கு நூறு யார் தள்ளி,
பூபாலபிள்ளையின் வளவுக்குள்
பத்து வருடம் உப்புக்காற்றில் நின்றது.
மேலே பெயின்ற் மினுங்கியது.
நான் மேலேதான் பார்த்தேன்.

சிப்லியின் கராஜ் பெரிய தெருவிலிருந்து உள்ளே,
வாவி தெரியும் இடத்தில்.
கதிரைகளைக் கழற்றி மணலில் வைத்தான்.
ஓட்டுகிற கதிரையில் நான் குந்தினேன்,
கையில் ஸ்டியரிங் இல்லாமல்,
வாவியைப் பார்த்தபடி.

பாயை உரித்தான். அடியில் சணல்.
சணலுக்கு அடியில் ஈரம்,
ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி, காய்ந்த இறால் மீசை,
பிறகு கறள்:
அடுக்கடுக்காய், விரல் பட்டால் உதிர்கிற மாதிரி.

ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டு போனான்.
டண். டண். டண்.
பொத்.
பொத் என்ற இடத்திலெல்லாம் சோக்கால் ஒரு வட்டம்.
சில இடங்களில் தட்டவே தேவையில்லை,
கீழே மணலில் போகிற எறும்பு தெரிந்தது.
"பதினொண்டு, மிஸ்," என்றான்
பல் வைத்தியரின் குரலில்.

பெரிய ஓட்டைமேல் யாரோ முன்பே
ஒரு தகரம் வைத்து றிவெற் அடித்திருந்தார்கள்.
நீலம். ஏதோ பலகையில் வெட்டியது.
துணியால் துடைக்க வெள்ளை எழுத்து வந்தது:
குடி.

அதற்கு முன்னால் இருந்ததைக் கறள் தின்றிருந்தது.
"எங்கட ஊர் போட்," என்றான். "காத்தான்குடி."
நான் களுவாஞ்சிகுடி. நானும் விடவில்லை.
டியூப் ஒட்டிக்கொண்டிருந்த யோகநாதன் எழும்பி வந்து
"என்ன குடியெண்டு கேட்டுத்தான்
இஞ்ச பொண்ணெடுக்கிற. காருக்குமா கேக்கிற?" என்றார்.
சிரித்தோம். ஊரை மட்டும்
ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கிரைண்டர் றிவெற்றை அறுத்ததும்
மடிந்திருந்த ஓரம் நிமிர்ந்தது.
அங்கே ஒரு த. அதன்பின் பாதி ண்.

குடிதண்ணீர்.

கடல் ஏறி வந்த வருடம்
கறுப்புத் தாங்கிகளில் இப்படிப் பலகைகள் தொங்கின.
சிப்லிக்கு அப்போது எட்டு வயதாம்.
மேற்கொண்டு நாங்கள் பேசவில்லை.
பற்றரியைக் கழற்று என்று பொடியனுக்குச் சொன்னான்.

அறுக்க அறுக்க ஓட்டைகள் வளர்ந்தன.
கறளைப் பிடித்து வெல்டிங் நிற்காது,
நல்ல இரும்பு வரும்வரை வெட்டத்தான் வேணுமாம்.
பிஸ்கட் பெட்டி மட்டையில் அளவெடுத்து
தகட்டில் கீறி, வெட்டி,
பெற்றோல் குழாய்க்கு ஈரச்சாக்கு போர்த்தி,
இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி;
ஒரே இடத்தில் சுட்டால் நெளியும்,
ஆறட்டும், பிறகு அடுத்தது.
பார்க்காதேங்க என்றான். பார்க்கவில்லை.
மணலில் என் நிழல் வெட்டி வெட்டி விழுந்தது.

இரண்டாம் நாள், காவிப் பூச்சும் தாரும் காய்ந்தபின்,
ஒரு வாளி தண்ணீரை உள்ளே ஊற்றினான்.
மூன்று பேரும் மணலில் முழங்காலூன்றி
அடியில் பார்த்தோம்.
ஒரு சொட்டு இல்லை.
கைதட்டப் போனேன்.
அவன் ட்ரில்லை எடுத்து
தளத்தின் ஆகப் பள்ளமான இடத்தில்
ஒரு ஓட்டை போட்டான்.

"என்ன செய்றீங்க!"

"உள்ள வந்த தண்ணிக்கு வெளிய போக
வழி வேணுமே, மிஸ்."

தண்ணீர் சுழித்து இறங்கி முடிந்தது.
விளிம்பில் விரலால் தார் தடவி
ஒரு றப்பர் மூடி வைத்து அழுத்தினான்.
பில்லில் எழுதினான்:
ஓட்டை அடைத்தது 11. ஓட்டை போட்டது 1, இனாம்.

இப்போது பாலத்தடியில் கால் நனைவதில்லை.
றோட்டின் இரைச்சலும் குறைந்துவிட்டது.
பின்பெட்டிக்குள் அந்த நீலத் தகரம் கிடக்கிறது.
எறிய மனமில்லாமல் அல்ல,
எறிய நேரமில்லாமல்.
நான் இடப்பக்கம் திரும்பினால்
அது வலப்பக்கம் போகிறது.